அப்பாவுக்கு வலிக்கவே இல்லை: சர்க்கரை நோய் பாதத்துக்குள்ள என்ன செய்யுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்லப் போறேன். அதுக்கு நடுவுல கொஞ்சம் அறிவியலும் வரும். உங்க வீட்டுல யாருக்காவது சுகர் இருந்தா, இதை முழுசா கேட்டுட்டு இந்த வாரமே ஒரு வேலை செய்யணும். அது என்னன்னு கடைசியில சொல்றேன்.

திண்டிவனத்துல எங்க வீட்டு ஹால். பழைய மொசைக் தரை. ஒரு நாள் காலையில அம்மா பெருக்க வந்திருக்காங்க. பாத்ரூம் வாசல்ல இருந்து ஈசிசேர் வரைக்கும் தரையில சிவப்பு சிவப்பா பொட்டு. "குங்குமம் கொட்டிடுச்சுன்னு நினைச்சேன்"னு அப்புறமா சொன்னாங்க. குனிஞ்சு பார்த்தா ரத்தம். பொட்டுக்குப் பொட்டு ஒரே இடைவெளி. வலது கால் பட்ட இடத்துல மட்டும்.

"என்னங்க, காலைக் காட்டுங்க." அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே சொன்னாராம், "ஒண்ணும் இல்ல, வலிக்கல."

பெருவிரலுக்குக் கீழே, நடக்கும்போது தரையை உந்துற அந்த மேடான இடத்துல, ஒரு ரூபாய் காசு அளவுக்குத் தோல் கழண்டு இருந்தது. ரெண்டு நாள் முன்னாடிதான் செஞ்சி வழியா பஸ் பிடிச்சு திருவண்ணாமலை போய் வந்திருந்தார். சித்ரா பௌர்ணமி கிரிவலம். 14 கிலோமீட்டர், வெறுங்கால். கூட்டத்துக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு சாயங்காலம் 4 மணிக்கே நடக்க ஆரம்பிச்சிருக்கார். சித்திரை மாச தார் ரோடு அந்த நேரத்துக்கு ஆறியிருக்காது. கூட நடந்தவங்க சூடு தாங்காம ரோட்டோரமா ஒதுங்கி நடந்திருக்காங்க. அப்பாவுக்கு மட்டும் எதுவும் தெரியல. "அன்னிக்கு எனக்கு சூடே இல்லப்பா, அண்ணாமலையார் கருணை"ன்னு என்கிட்ட போன்ல பெருமையா வேற சொன்னார்.

அப்பா மல்லாட்டை மண்டியில கணக்கு எழுதினவர். சுகர் வந்து 16 வருஷம். மாத்திரையைத் தவறவிட மாட்டார். காலைப் பத்தி மட்டும் நாங்க யாரும் யோசிச்சதே இல்லை.

அஞ்சு வாரம் டிரெஸ்ஸிங்

பக்கத்துல ஒரு கிளினிக்ல தினமும் டிரெஸ்ஸிங் போட்டாங்க. ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க. அஞ்சு வாரம் ஓடிச்சு. அந்தக் காலை ஊன்றக் கூடாதுன்னு யாரும் சொல்லல, நாங்களும் கேட்கல. இப்ப நினைச்சா சிரிப்பும் வருது, அழுகையும் வருது: டிரெஸ்ஸிங் போட்டுக்க தினமும் நடந்தே போவார், நடந்தே வருவார். புண்ணுக்கு மருந்து வெச்சுக் கட்டி, அதே புண்ணு மேல முழு உடம்பு எடையையும் ஏத்தி, அரை கிலோமீட்டர் நடை.

ஆறாவது வாரம் நான் கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி ஊருக்குப் போனேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வாடை. அப்பாவோட பாதம் மேல்பக்கம் வீங்கி பளபளன்னு இருந்தது. புண் கீழே, வீக்கம் மேலே. ஜுரம் இல்ல. வலி இல்ல. ஆனா சுகர் மட்டும் ரெண்டு நாளா ஏறிக்கிட்டே இருந்திருக்கு. அன்னிக்கே ஆட்டோ வெச்சு, விழுப்புரத்துக்கு முன்னாடி இருக்கிற முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். அதே ஊர்ல ஒரு பெரிய சர்க்கரை ஆலையும் இருக்கு. கரும்பு லாரி பின்னாடியே போனப்ப அப்பா அடிச்ச ஜோக்கை இங்க சொல்ல முடியாது.

அங்க சர்ஜன் ஒரு மெல்லிய ஸ்டீல் கம்பியைப் புண்ணுக்குள்ள விட்டுப் பார்த்தாங்க. எலும்பு தட்டுதான்னு பார்க்கிற சோதனை. நல்லவேளையா தட்டல. அந்த நேரம் முழுக்க அப்பா என்கிட்ட மழை வருமான்னு பேசிக்கிட்டு இருந்தார். கம்பி காலுக்குள்ள போய் வருது, அவருக்குத் தெரியல.

டாக்டர் அம்மாவைப் பார்த்து சொன்னாங்க: "வலிக்கலன்னு சந்தோஷப்படாதீங்கம்மா. வலி இருந்திருந்தா ஐயா அன்னிக்கு ரெண்டாவது கிலோமீட்டர்லயே உட்கார்ந்திருப்பார்."

அந்த ஒரு வரிதான் இந்த எபிசோடு. வலிக்கலங்கிறது எப்போதும் நல்ல செய்தி இல்லை. சர்க்கரை நோய் உள்ளவங்க பாதத்துல அதுதான் முதல் கெட்ட செய்தி.

பாதத்துக்குள்ள ஒரு மெத்தை

பாதம்னா நமக்கு எலும்பும் தோலும்தான் ஞாபகம் வரும். ஒரு பாதத்துல 26 எலும்பு இருக்கு, சரி. ஆனா அந்த எலும்புகள் நேரா தோல் மேல உட்கார்ந்தா நம்மால 10 அடி நடக்க முடியாது. நடுவுல ஒரு மெத்தை இருக்கு. குதிகால்லயும், விரல்களுக்குக் கீழே இருக்கிற மேட்டுலயும் அது தடிமனா இருக்கும்.

இந்த மெத்தை வெறும் கொழுப்பு இல்லை. தேனடை மாதிரி சின்னச் சின்ன அறைகள். அறைச் சுவர்கள் கொலாஜன் என்கிற நார்ப் புரதத்தால் ஆனவை. ஒவ்வொரு அறைக்குள்ளயும் கொழுப்பு அடைச்சிருக்கும். காலை ஊன்றும்போது அறை அமுங்கும், கொழுப்பு வெளியே ஓட முடியாது, அதனால அழுத்தம் நாலா பக்கமும் பரவும். காலை எடுத்ததும் பழைய உருவத்துக்கு வந்துடும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்குது.

பாட்டி வீட்டு இலவம்பஞ்சு மெத்தையை நினைச்சுப் பாருங்க. புதுசுல எப்படி இருக்கும்? பத்து வருஷம் கழிச்சு பஞ்சு கட்டி கட்டியா ஓரத்துக்குப் போயிருக்கும், நடுவுல படுத்தா கட்டில் பலகை முதுகுல குத்தும். சர்க்கரை நோய் பாதத்து மெத்தைக்குச் செய்யுறதும் ஏறக்குறைய அதுதான். கொழுப்பு மெலியுது, சுவர்கள் விறைச்சுப் போகுது, மெத்தை இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகருது. எலும்பு குத்த ஆரம்பிக்குது. குத்துறது மட்டும் தெரியாது.

சர்க்கரை ஒட்டிக்கிற கதை

ஏன் விறைச்சுப் போகுது? ரத்தத்துல சர்க்கரை அதிகமா இருந்தா, அது உடம்புல இருக்கிற புரதங்கள் மேல தானாவே போய் ஒட்டிக்கும். இதுக்கு கிளைகேஷன்னு பேர். பன் வேகும்போது மேல் பக்கம் செவந்து இறுகுதே, அதுக்குப் பின்னாடி இருக்கிற வேதியியலோட நெருங்கிய சொந்தம் இது.

உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். சுகர் இருக்கிறவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கிறாங்களே, அது அளக்கிறதே சர்க்கரை ஒட்டின ஹீமோகுளோபினைத்தான். சிவப்பணுவோட ஆயுள் சுமார் 120 நாள். அது செத்ததும் ஒட்டின சர்க்கரையும் அதோட போயிடும். அதனாலதான் அந்த டெஸ்ட் கடைசி மூணு மாசத்துக் கதையை மட்டும் சொல்லுது.

கொலாஜன் அப்படி இல்லை. வருஷக்கணக்கா அதே இழை அதே இடத்துல இருக்கும். அதுல ஒட்டின சர்க்கரை பக்கத்து இழையோட பாலம் போட்டு, ரெண்டையும் பிணைச்சு விறைக்க வெச்சிடும். இந்த மாசம் சுகர் கட்டுக்குள்ள வந்தாலும், பத்து வருஷமா போட்ட பாலங்கள் அப்படியே நிற்கும். "இப்ப நார்மலா இருக்கே, அப்புறம் ஏன் கால் இப்படி"ன்னு நான் டாக்டர்கிட்ட கேட்டதுக்குப் பதில் இதுதான். ரத்தம் சீக்கிரம் மறந்துடும், கால் மறக்காது.

ஒரு சின்ன சோதனை. உங்க அப்பாவையோ அம்மாவையோ கும்பிடச் சொல்லுங்க. ரெண்டு உள்ளங்கையும் விரலும் முழுசா ஒட்டணும். பல வருஷம் சுகர் இருக்கிற சிலருக்கு விரல்களுக்கு நடுவுல இடைவெளி விழும், சேர்க்கவே முடியாது. கையில திசுக்கள் விறைச்சதோட அடையாளம் அது. கையில நடந்தது பாதத்துலயும் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். எங்க அப்பா கும்பிட்டா நடுவுல ஒரு பென்சில் போகும். வருஷக்கணக்கா அதை வயசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

குதிகால் நரம்புன்னு நாம சொல்றது

கெண்டைக்கால்ல இருந்து குதிகாலுக்கு இறங்குற தடிமனான கயிறு மாதிரி ஒண்ணு இருக்கே, ஊர்ல அதை குதிகால் நரம்புன்னு சொல்வோம். உண்மையில அது நரம்பு இல்லை, தசையை எலும்போட கட்டுற தசைநாண். அதுவும் கொலாஜன்தான். அதுவும் விறைக்கும்.

விறைச்சா என்ன ஆகும்? நடக்கும்போது கணுக்கால் மடங்க வேண்டிய அளவுக்கு மடங்காது, குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்பிடும். எடை எல்லாம் பாதத்தோட முன்பக்கத்துக்குப் போயிடும். அதாவது, மெத்தை மெலிஞ்சு போன அதே இடத்துக்கு.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல 64 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது, முடிவு 2003-இல் வெளிவந்தது. எல்லாருக்கும் முன்பாதத்துல சர்க்கரைப் புண், கணுக்காலும் சரியா மடங்காது. பாதிப் பேருக்கு மாவுக்கட்டு மட்டும். மீதிப் பேருக்கு மாவுக்கட்டோட, அந்தத் தசைநாணை ஆபரேஷன் பண்ணிக் கொஞ்சம் நீளமாக்கினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, கட்டு மட்டும் போட்டவங்கள்ல 81 சதவீதம் பேருக்குப் புண் திரும்ப வந்திருக்கு. தசைநாணை நீட்டினவங்கள்ல 38 சதவீதம். இந்த ஆபரேஷன் எல்லாருக்கும் ஏத்தது இல்லை, அதுலயும் ஆபத்து உண்டு. நான் சொல்ல வர்றது வேற: புண் தோல்ல இருக்கு, காரணம் அரை அடி மேல ஒரு தசைநாண்ல இருக்கு.

நரம்பு மூணு வழியா கைவிடுது

இப்ப நிஜமான நரம்புக்கு வருவோம். சர்க்கரை நோய் நீளமான நரம்புகளை முதல்ல தாக்கும். உடம்புலயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போறவைதான்.

முதல்ல உணர்வு நரம்பு. எரிச்சல், மதமதப்பு, பஞ்சு மேல நடக்கிற மாதிரி ஒரு தோற்றம், கடைசியில ஒண்ணுமே இல்லை. செருப்பு நழுவிப் போனா கூடத் தெரியாது.

ரெண்டாவது தசையை இயக்குற நரம்பு. பாதத்துக்குள்ள இருக்கிற குட்டித் தசைகள் மெலிஞ்சு போகும். விரல்கள் பூனை நகம் மாதிரி மடங்கும். மடங்கும்போது கீழே இருக்கிற கொழுப்பு மெத்தையையும் தன்னோட முன்னாடி இழுத்துக்கும். மெத்தை நகருதுன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு இதுதான் காரணம். மடங்கின விரலோட மேல்பக்கம் ஷூவுல உரசிப் புண்ணாகிறதும் இதனாலதான்.

மூணாவது வேர்வையைக் கவனிக்கிற நரம்பு. அது போனா பாதம் வேர்க்காது. தோல் காய்ஞ்சு, ஏரி வத்தின மண் மாதிரி வெடிக்கும். வெடிப்பு வழியா கிருமி உள்ளே போகும்.

இது மூணும் போதாதுன்னு பலருக்கு ரத்தக் குழாயும் அடைச்சிருக்கும். ரத்தம் வராத இடத்துக்கு மருந்தும் போய்ச் சேராது.

கால் ஆணி ஒரு எச்சரிக்கை

அழுத்தம் ஒரே இடத்துல விழுந்துக்கிட்டே இருந்தா தோல் தற்காப்புக்காகத் தடிக்கும். அந்தக் காய்ப்பைத்தான் நாம பொதுவா கால் ஆணின்னு சொல்றோம். தற்காப்புக்கு வந்ததே அப்புறம் எதிரியாகும். செருப்புக்குள்ள கல்லு மாட்டின மாதிரி, காய்ப்பே உள்ளே இருக்கிற மெல்லிய திசுவை நசுக்க ஆரம்பிக்கும். 1992-இல் வந்த ஒரு சின்ன ஆய்வுல, காய்ப்பைச் சீவி எடுத்ததும் அந்த இடத்தோட அழுத்தம் சுமார் நாலுல ஒரு பங்கு குறைஞ்சது. காய்ப்புக்கு நடுவுல கறுப்பா ஒரு புள்ளி தெரிஞ்சா, உள்ளே ஏற்கெனவே ரத்தம் கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். மேலே மூடி போட்ட புண் அது.

அதுக்காக வீட்டுல பிளேடு எடுக்கக் கூடாது. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற கார்ன் கேப் ஒட்டக் கூடாது. அதுல இருக்கிறது தோலைக் கரைக்கிற அமிலம். உணர்வு இல்லாத கால்ல அது எங்க நிறுத்தணும்னு உங்களுக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. எங்க அப்பா மண்டியில வேலை பார்த்த காலத்துல இருந்து பழைய பிளேடாலதான் சீவிக்கிட்டு இருந்தார். "அது நல்லா சீவ வரும்பா, வலிக்காது"ன்னு சொல்லுவார். திரும்பவும் அந்த வார்த்தை.

விழுப்புரத்துல இருந்து ஒரு ரயில் தூரத்துல

விழுப்புரத்துல இருந்து காட்பாடிக்கு ஒரு ரயில் பாதை இருக்கு. திருவண்ணாமலை, வேலூர் வழியா போகும். உணர்வில்லாத பாதத்தை எப்படிக் காப்பாத்துறதுன்னு உலகம் கத்துக்கிட்ட பாடத்துல பெரிய பகுதி அந்தப் பாதையோட இன்னொரு முனையில எழுதப்பட்டது. ஆனா அங்க நோய் வேற. தொழுநோய்.

பால் பிராண்ட் 1914-இல் நம்ம கொல்லிமலையில பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு சர்ஜனா வந்தார். பிறகு பக்கத்துல இருக்கிற காரிகிரி தொழுநோய் மையத்தோடவும் சேர்ந்து வேலை செஞ்சார். தொழுநோயில கை கால் விரல்கள் அழுகி விழுதுன்னு அப்போ எல்லாரும் நம்பினாங்க. அவர் நோயாளிகளோட அன்றாட வேலைகளைக் கவனிச்சுப் பார்த்து வேற ஒண்ணு சொன்னார்: நோய் எடுத்துக்கிட்டது வலியை மட்டும்தான். மீதியெல்லாம் சூடு பாத்திரம், முள், ஓயாத நடை செஞ்ச சேதம். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப விழுற சின்ன அழுத்தமே திசுவைக் கொல்லப் போதும். நமக்கு வலிச்சா நாம அறியாமலே கொஞ்சம் நொண்டுவோம், எடையை மாத்திப் போடுவோம். வலி இல்லாதவர் நொண்ட மாட்டார். அதே இடத்துல அதே மாதிரி மிதிச்சுக்கிட்டே இருப்பார்.

அதனால அங்க ரெண்டு விஷயத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தாங்க. ஒண்ணு, மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு. இன்னிக்கும் சுகர்காரங்களுக்கு எழுதித் தர்ற எம்.சி.ஆர். செருப்பு அதுதான். இன்னொண்ணு, புண் இருக்கிற காலுக்கு முழங்கால் கீழ வரைக்கும் பாதத்தோட ஒட்டின மாவுக்கட்டு. இதை 1930களிலேயே இலங்கையில மில்ராய் பால் என்கிற சர்ஜன் தொழுநோய்ப் புண்களுக்குப் பயன்படுத்தியிருந்தார். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல இருக்கிற கார்வில் மருத்துவமனைக்குப் போனார். இங்க கத்துக்கிட்டது அங்க சர்க்கரைப் புண்ணுக்கும் பயன்பட்டு, உலகம் முழுக்கப் பரவிச்சு.

நோய் வேற, பாதம் ஒண்ணுதான். வலி போன பாதம்.

உள்ளே சீழ் எப்படி ஓடுது

அப்பாவுக்குப் புண் கீழே, வீக்கம் மேலேன்னு சொன்னேன் இல்லையா? உள்ளங்கால் தோலும் அதுக்கு மேல இருக்கிற நார்ப்பட்டையும் ரொம்ப கெட்டி. உள்ளே சீழ் சேர்ந்தா கீழ் வழியா சுலபமா உடைச்சுக்கிட்டு வர முடியாது. பாதத்துக்குள்ள தசைகள் தனித்தனி அறைகளா இருக்கு, தசைநாண்கள் அதுல ரயில் பாதை மாதிரி ஓடுது. சீழ் அந்தப் பாதையைப் பிடிச்சுக்கிட்டு கணுக்கால் வரைக்கும் போகும். வெளியே பார்த்தா ஒரு ரூபாய் காசு அளவு புண், உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் சேதம். "சின்னப் புண்ணுதானே, ஏன் காலையே எடுத்தாங்க"ன்னு ஊர்ல பேசிக்கிறாங்களே, அதுக்கு விடை இது.

அதனால இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. சுகர் இருக்கிறவர் கால்ல புண்ணோட வீக்கமோ, வாடையோ, சூடோ, புதுசா நிறமாற்றமோ வந்தா, இல்ல காரணமே இல்லாம சுகர் ஏறினா, அன்னிக்கே மருத்துவமனை. ஜுரம் வரட்டும்னு காத்திருக்காதீங்க, பலருக்கு ஜுரமே வராது. நம்ம தோல் நிறத்துல சிவப்பு சரியாத் தெரியாது. புறங்கையால ரெண்டு பாதத்தையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்க. புண்ணே இல்லாம ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடா இருந்தாலும் காட்டணும். உள்ளே எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கிட்டு இருக்கலாம், அதுவும் பெருசா வலிக்காது.

அப்பாவுக்குக் கெட்ட திசுவை வெட்டி எடுத்து, ஊசி மருந்து கொடுத்து, கிருமி அடங்கினதுக்கு அப்புறம், ரத்த ஓட்டம் சரியா இருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டு மாவுக்கட்டு போட்டாங்க. கிருமி இருக்கும்போதோ ரத்த ஓட்டம் இல்லாதபோதோ அதைப் போட மாட்டாங்க. வாரத்துக்கு ஒருமுறை திண்டிவனத்துல இருந்து போய்க் கட்டு மாத்திக்கிட்டு வருவோம். எட்டாவது வாரம் புண் மூடிடுச்சு. அதே புண், அதே அப்பா. அஞ்சு வாரம் மருந்து போட்டும் ஆறாதது, அழுத்தத்தை எடுத்ததும் ஆறிடுச்சு.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது

2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோய் உள்ளவங்க சுமார் 10.1 கோடி பேர். உலக அளவுல பார்த்தா, சர்க்கரை நோய் உள்ளவங்கள்ல 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாள்ல ஒருமுறையாவது கால் புண் வரும்னு 2017-இல் ஒரு முக்கியமான மருத்துவக் கட்டுரை கணக்கு சொல்லுது. ஒருமுறை ஆறினவங்கள்ல சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரே வருஷத்துல திரும்ப வருது.

ஊருக்குப் போறப்ப ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டுப் போறோமோ இல்லையோ, இதைச் செய்யுங்க. ரெண்டு நிமிஷம் போதும்.

ஒண்ணு, தொட்டுப் பாருங்க. அவங்களைக் கண்ணை மூடிக்கிட்டு படுக்கச் சொல்லுங்க. உங்க ஆள்காட்டி விரல் நுனியால, அழுத்தாம, தட்டாம, ஒண்ணு ரெண்டு நொடி மட்டும் விரல் நுனிகளைத் தொடுங்க. ரெண்டு கால்லயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், மொத்தம் ஆறு. தொட்டதும் வலதா இடதான்னு சொல்லணும். ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலன்னா உணர்வு குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட பாதப் பரிசோதனை கேளுங்க. இங்கிலாந்துல இப்ஸ்விச் ஊர் மருத்துவர்கள் உருவாக்கின சோதனை இது, கருவி எதுவும் தேவையில்லை. டாக்டர் இதையே நைலான் இழையும் இசைக்கவையும் வெச்சு இன்னும் சரியாப் பார்ப்பார்.

ரெண்டு, உள்ளங்காலைப் பாருங்க. விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, காய்ப்பு, கறுப்புப் புள்ளி. அவங்களால குனிய முடியலன்னா போன்ல போட்டோ எடுக்கக் கத்துக் கொடுங்க. எங்க அம்மா இப்ப தினமும் ராத்திரி அப்பா காலை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போடுறாங்க. குட் மார்னிங் ரோஜாப்பூவை விட எனக்கு அது பிடிச்சிருக்கு.

மூணு, செருப்பைப் பாருங்க. தேஞ்சு போன ஹவாய் செருப்பு வேண்டாம். மென்மையான அடிப்பாகம், பின்பட்டை, விரலுக்குத் தாராளமான இடம். சாயங்காலம் போய் வாங்குங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவுல இருக்கும். போடுறதுக்கு முன்னாடி உதறிப் போடச் சொல்லுங்க. வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் வேண்டாம். மெலிஞ்சு போன மெத்தை திரும்ப வளராது. உள்ளே போனதை வெளியே வாங்கி வைக்கிறோம், செருப்பு அதுக்குத்தான்.

இன்னும் ரெண்டே வரி. கால்ல தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்குல மட்டும் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து சுகர் மாத்திரை கொடுக்கிறாங்க. பாதம் பாதுகாப்போம்னு காலுக்காகவே ஒரு அரசுத் திட்டமும் இருக்கு. மாத்திரை வாங்கும்போது காலையும் எங்க பார்ப்பாங்கன்னு கேளுங்க. கேட்கலன்னா மாத்திரையோட போயிடும், எங்களுக்குப் போன மாதிரி.

அப்பா கதையை முடிச்சிடறேன். இந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு அவரை விடல. ரெண்டு வாரம் கழிச்சு, கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாள்ல, நானும் அம்மாவும் கூட்டிட்டுப் போய் ஆட்டோவுலயே மலையைச் சுத்தி வந்தோம். ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் ஆட்டோ நிற்கும், அவர் எம்.சி.ஆர். செருப்போட இறங்கி, வாசல்ல நின்னே கும்பிடுவார். விரலுக்கு நடுவுல அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

சுத்தி முடிச்சதும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "ஏம்ப்பா, ஆட்டோவுல சுத்துனா கணக்குல வருமா?"

அம்மாதான் பதில் சொன்னாங்க. "கால் இருக்குல்ல. அதுவே கணக்குதான்."

அடுத்த எபிசோடுல பார்க்கலாம். அதுக்குள்ள வீட்டுக்கு ஒரு போன் போட்டு, காலைப் பத்தி விசாரிங்க.